கடைமடைக்கு எது குறைந்த கேடு? செப்டிக் ஷாக்கில் மயக்க மருந்தைத் தேர்வது

பிசான நடவு தொடங்கிவிட்டால் என் இரவுத் தூக்கம் போய்விடும். சங்கரன்கோவில், வள்ளியூர், அம்பாசமுத்திரம் என்று சிற்றூர் மருத்துவமனைகளின் பணி மருத்துவர்கள் அழைப்பார்கள். சேற்றில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல், மலையடிவாரத்தில் விறகு பொறுக்கியவருக்குச் சிற்றுண்ணிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல், சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகத் தொற்று. நோய் எதுவானாலும், தொற்று முற்றி ரத்த அழுத்தம் சரியும் செப்டிக் ஷாக் வந்துவிட்டால் பேச்சின் கடைசியில் அதே கேள்வி வந்து நிற்கும்: “குழாய் போட்டாகிவிட்டது அக்கா, நார்அட்ரினலின் ஓடுகிறது. புரோபோஃபால் போடவா, மிடாசோலம் போடவா?”

குழாய் என்பது வென்டிலேட்டருக்காகத் தொண்டையில் இறக்கும் மூச்சுக்குழாய்; நார்அட்ரினலின், விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்து; மற்ற இரண்டும் மயக்க மருந்துகள். போன மாதம் அப்படி அழைத்த ஒரு தம்பி இன்னொரு கேள்வியையும் சேர்த்தார். “புரோபோஃபால் நுண்குழாய்களில் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று படித்தேன். அப்படியானால் மிடாசோலம்தான் நல்லதா?” தொலைபேசியில் சரியாகப் பதில் சொல்ல வாய்க்கவில்லை. அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன். என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த மருந்து என்பதைவிட எவ்வளவு மருந்து என்பதுதான் அந்தக் குழாய்களுக்குப் பெரிய விஷயம் என்று நினைக்கிறவள் நான். ஆனாலும் மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் கடைமடை. பாபநாசம் அணை 143 அடி நிரம்பி நின்றாலும் பாளையங்கால்வாயின் கடைசி வயல் வெடித்துக் கிடக்கலாம். இடையில் எந்த மடை அடைத்தது, எது உடைத்துக்கொண்டது என்பதைப் பொறுத்தது அந்த வயலின் கதி. சராசரி ரத்த அழுத்தம் 65 என்று மானிட்டர் காட்டுவது அணையின் மட்டம் மட்டுமே. ஆக்சிஜன் இறங்குவது தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்தக்குழாய்களில். அவற்றின் உள் அகலம் 5 முதல் 10 மைக்ரான். சிவப்பணுவின் அகலமே 7, 8 மைக்ரான். அது நெளிந்து வளைந்துதான் உள்ளே நுழைய வேண்டும். தொற்று சீறும்போது சிவப்பணு விறைக்கிறது, குழாயின் உட்சுவரைப் போர்த்திய சர்க்கரைப் படலம் உரிகிறது, வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டுகின்றன, நுண்ணிய ரத்தக்கட்டிகள் அடைக்கின்றன. ஒரு தந்துகியில் வெள்ளம் ஓடும்போது பக்கத்துத் தந்துகி வறண்டு கிடக்கிறது.

இதை நோயாளிகளிடம் கண்ணால் பார்த்தவர்கள் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள். நாக்கின் அடியில் சிறு கேமராவை வைத்து, ஓடும் நுண்குழாய்களை எண்ணி 2002இல் வெளியிட்டார்கள். செப்சிஸில், அதாவது தொற்று உடலெங்கும் சீறும் நிலையில், ஓடும் குழாய்கள் குறைந்திருந்தன. பிழைக்காதவர்களிடம் இன்னும் குறைவு. எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருகிறது. அதே இடத்தில், குழாயை விரிக்கும் அசிடைல்கோலினை நேரடியாகப் பட வைத்ததும் ஓட்டம் திரும்பிவிட்டது. குழாய்கள் செத்துப்போகவில்லை, மூடிக் கிடந்தன, அவ்வளவுதான். திறக்கக்கூடிய மடை என்பதால்தான் நாம் ஊற்றும் மருந்து அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கேட்பதில் பொருள் இருக்கிறது.

இரண்டாவது, அந்த மருந்துக்காக எவ்வளவு நார்அட்ரினலின் கூட்ட வேண்டியிருக்கிறது. மூன்றாவது, இதயத் துடிப்பும் இதயத்தின் தெம்பும். நான்காவது, மருந்து உடலைவிட்டு எந்த வழியில் வெளியேறுகிறது; சிறுநீரகமும் ஈரலும் ஏற்கெனவே படுத்துவிட்டனவா. ஐந்தாவது அளவுகோலைப் பாடநூல்கள் எழுதுவதில்லை: மருந்தை அளந்து ஓட்டும் பம்ப் எத்தனை இருக்கிறது, இரவில் செவிலியர் எத்தனை பேர், விடிவதற்குள் 108 வண்டியில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு ஏற்ற வேண்டியிருக்குமா.

எதிர்ப்பக்க நியாயம் ஒன்றும் உண்டு. வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டும் நோயாளியின் மூச்சுத் தசைகள் ஆக்சிஜனை வாரி விழுங்கும். கடைமடைக்குத் தண்ணீர் கூட்ட முடியாதபோது பயிரின் தாகத்தைக் குறைப்பதும் பாசனம்தான். மயக்க மருந்தே விஷம் என்று யாரும் இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம்.

புரோபோஃபால்

பால்போல் வெள்ளை. நிமிடத்தில் தூங்க வைக்கும், நிறுத்தினால் விரைவில் விழிக்க வைக்கும். ரத்தக்குழாய்களை இறுக்கி வைக்கும் பரிவு நரம்பின் பிடியைத் தளர்த்திச் சிரைகளில் ரத்தத்தைத் தேங்கவிடுவதால் அழுத்தம் விழுகிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தந்துகிகளைப் பற்றி அதிகம் பேசப்படும் ஆய்வுகள் இரண்டு. 2008இல் வந்தது ஆரோக்கியமான பெண்களிடம், கருமுட்டை எடுக்கும் சிறு சிகிச்சையின்போது செய்யப்பட்டது. புரோபோஃபால் ஓடும்போது ரத்தம் ஓடும் தந்துகிகளின் அடர்த்தி குறைந்தது, சற்றுப் பெரிய நுண்சிரைகள் அப்படியே இருந்தன, மருந்தை நிறுத்தியதும் பழைய நிலை திரும்பியது. தொற்றே இல்லாத உடம்பில் இவ்வளவு.

தம்பி படித்தது 2013இல் பிரேசிலிலிருந்து வந்த ஆய்வாக இருக்க வேண்டும். செப்டிக் ஷாக்கில் இருந்தவர்களுக்குப் புரோபோஃபாலை நிறுத்தி மிடாசோலத்துக்கு மாற்றினார்கள். ரத்த அழுத்தம் போன்ற பெரிய கணக்குகள் மாறவில்லை. நாக்கடித் தந்துகிகளில் ஓட்டம் கூடியது, இடத்துக்கு இடம் இருந்த ஏற்றத்தாழ்வும் குறைந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நோயாளிகள் இருபதுக்கும் குறைவு. அதோடு எல்லோருக்கும் முதலில் புரோபோஃபால், பிறகே மிடாசோலம். இடைப்பட்ட நேரத்தில் ஆன்டிபயாடிக்கும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்குமே. வரிசையை மாற்றிப் பார்க்காதவரை அந்த முன்னேற்றம் முழுவதையும் மருந்து மாற்றத்தின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அழுத்தம் அசையாமல் தந்துகி மட்டும் மாறியது என்ற செய்தியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். மானிட்டரைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதற்கு அது சாட்சி.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். இந்த மருந்து சோயா எண்ணெய்க் குழம்பில் மிதக்கிறது; ஒரு மில்லியில் 1.1 கிலோகலோரி. 60 கிலோ நோயாளிக்கு மணிக்கு கிலோவுக்கு 2 மில்லிகிராம் ஓட்டினால் நாளொன்றுக்கு முந்நூறு கலோரிக்கு மேல் கொழுப்பாகவே போகிறது. மூக்குக் குழாய் உணவின் கணக்கில் அதைக் கழிப்பவர்கள் குறைவு. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பைப் பார்க்க வேண்டும். மணிக்கு கிலோவுக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் இரண்டு நாள் தாண்டி ஓட்டினால் அமிலத்தேக்கம், தசைச் சிதைவு, இதயச் செயலிழப்பு என்று வரும் அந்தக் கொடிய கூட்டுக்குறியை நினைவில் வைக்க வேண்டும். ஷாக்கில் ரத்தத்தில் கூடும் லாக்டேட் அமிலம் ஏறினால், காரணம் ஷாக்கா மருந்தா என்று புரியாமல் திணறுவோம்.

எண்ணெய்க் குழம்பு கிருமிக்கும் விருந்து. 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் அறுவைக்குப் பின் கொத்துக்கொத்தாக வந்த தொற்றுகளைத் துருவியபோது, புரோபோஃபாலைக் கையாண்ட விதத்தில்தான் போய் முட்டியது. குழாயை 12 மணிக்கொரு முறை மாற்றச் சொல்வது அதனால்தான். ஒரு சிறிய மருத்துவமனையில் பாதி தீர்ந்த குப்பி மூடியில் ஊசியைக் குத்தியபடி ஜன்னலோரம் நிற்பதைப் பார்த்தேன். “காலைக்கு ஆகும் மேடம்” என்றார்கள். எடுத்துக் குப்பையில் போட்டேன். அன்று முழுவதும் அங்கே யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மிடாசோலம்

மலிவு, எந்த ஊரிலும் அலமாரியில் இருக்கும். அழுத்தத்தைப் புரோபோஃபால் அளவுக்குச் சாய்க்காது. அதற்காக அப்பாவி மருந்து என்று சொல்லிவிட முடியாது. 2006இல் வந்த பிரெஞ்சு ஆய்வு தீவிர சிகிச்சை நோயாளிகளின் தோலில் லேசர் கொண்டு அளந்தது. மிடாசோலத்தால் தோலில் ஓட்டம் கூடியது. ஆனால் நுண்தமனிகள் தாமாகச் சுருங்கி விரியும் தாளம் மங்கியது. கையை இறுக்கித் தளர்த்தியதும் குபீரென்று பாய வேண்டிய மீட்சியும் குறைந்தது. வயல்களுக்கு முறைபோட்டு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி தூங்கிவிட்டால் மடையில் தண்ணீர் அதிகமாகக்கூடப் போகும். எந்த வயலுக்கு எப்போது என்ற முறைதான் போய்விடும். ஆகவே 2013 ஆய்வைப் புரோபோஃபாலைவிட மேல் என்று படிக்கலாம், நல்லது என்று படிக்கக்கூடாது.

இதன் உண்மையான விலை பில்லில் தெரிவதில்லை. ஈரலில் உடைந்து உருவாகும் துணைப்பொருளுக்கும் தூங்க வைக்கும் சக்தி உண்டு; அது சிறுநீரகம் வழியாகத்தான் போக வேண்டும். எலிக்காய்ச்சலில் மஞ்சள்காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் சேர்ந்தே வருவதால் மருந்து வெளியேறும் இரண்டு வாசல்களும் சாத்தப்படுகின்றன. அப்படி ஒரு விவசாயிக்கு மூன்று நாள் ஒரே வேகத்தில் மிடாசோலம் ஓடியது. தொற்று அடங்கியது, அழுத்தம் நின்றது, மருந்தை நிறுத்தினார்கள். அவர் விழிக்கவில்லை. இரண்டாம் நாள் அவருடைய அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அம்மா, தம்பிக்கு மூளையில் ஏதாவது ஆகிவிட்டதா? மறைக்காமல் சொல்லுங்கள்.” மூளை ஸ்கேனுக்கு வண்டியில் ஏற்றி இறக்கினோம், ஸ்கேன் சுத்தம். மூன்றாம் நாள் மாலை கண்ணைத் திறந்தார். குப்பிக்கு மிச்சப்படுத்திய காசைப்போல் பல மடங்கு அந்த மூன்று நாள் ஐசியூ வாடகையில் போயிற்று.

ஃப்ளூகோனசோல், கிளாரித்ரோமைசின் போன்ற தொற்று மருந்துகள் மிடாசோலத்தை உடைக்கும் நொதியைத் தடுப்பவை. கூடவே ஓடினால் அளவைக் குறையுங்கள். ஸ்க்ரப் டைபஸுக்குக் கொடுக்கும் அசித்ரோமைசினால் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. மனக்குழப்பமும் வென்டிலேட்டர் நாட்களும் கூடுகின்றன என்பதால் 2018இன் சர்வதேச வழிகாட்டு நெறிகள் இந்தக் குடும்பத்து மருந்துகளைவிடப் புரோபோஃபாலையோ டெக்ஸ்மெடிடோமிடினையோ முன்வைத்தன. அந்தப் பரிந்துரை வென்டிலேட்டரில் உள்ள வயதுவந்தோர் அனைவருக்கும் பொதுவானது. ஷாக்கின் முதல் ஆறு மணி நேரத்துக்கென்று எழுதியதாக அதைப் படிக்காதீர்கள்.

டெக்ஸ்மெடிடோமிடின்

இந்த மருந்தில்தான் கதை சுவையாகிறது. மூளையிலிருந்து புறப்படும் பரிவு நரம்புக் கட்டளையையே குறைக்கும் மருந்து இது. அழுத்தம் விழும், நார்அட்ரினலின் கூடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். 2019இல் இத்தாலிய மருத்துவர்கள் செப்டிக் ஷாக் நோயாளிகளுக்குப் புரோபோஃபாலை நிறுத்தி இதைக் கொடுத்தபோது, நான்கு மணி நேரத்தில் நார்அட்ரினலின் தேவை ஏறத்தாழ பாதியாகிவிட்டது. புரோபோஃபாலுக்குத் திரும்பியதும் மறுபடி ஏறியது. திரும்பவும் மாற்றிப் பார்த்தார்களே, அதற்காகவே இந்த ஆய்வின்மேல் எனக்குக் கூடுதல் மதிப்பு. ஓயாமல் கத்தும் வீட்டில் பிள்ளைக்குக் காது மரத்துவிடும். கத்தல் அடங்கினால் மெதுவாகச் சொன்னாலும் கேட்கும். ரத்தக்குழாயில் நார்அட்ரினலினை உணரும் ஏற்பிகளும் அப்படியே மீள்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். நச்சு ஏற்றிய விலங்குகளில் தந்துகி ஓட்டம் மேம்பட்டதாகவும் ஆய்வுகள் உண்டு.

ஆனால் உயிர்க் கணக்கில் அந்தச் சுவை தெரியவில்லை. 2019இல் 4,000 பேரிடம் இதை வழக்கமான மயக்க மருந்துகளோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வில் 90 நாள் இறப்பு இரு பக்கமும் 29.1 சதவீதம். 2021இல் செப்சிஸ் நோயாளிகளிடம் மட்டும் புரோபோஃபாலோடு ஒப்பிட்டபோதும் 38க்கு 39 சதவீதம். வயது குறைந்தவர்களிடம் இறப்பு கூடுவதாக ஒரு குறிப்பு தென்பட்டு, 65 வயதுக்கு உட்பட்டவர்களிடம் எச்சரிக்கை தேவை என்று 2022இல் ஐரோப்பிய மருந்து முகமை எழுதியது. நம் வயலிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த வயதினர்தாம்.

துடிப்பு இறங்குவதுதான் இதன் பெரிய ஆபத்து. ஸ்க்ரப் டைபஸில் இதயத் தசையும் வெந்து போயிருந்தால், துடிப்பு 120இல் ஓடித்தான் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதை 60க்கு இறக்கினால் அணையின் மதகையே மூடியதாகும். எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்க்காமல் தொடங்காதீர்கள். ஆரம்பத்தில் மொத்தமாக ஏற்றும் அளவு வேண்டவே வேண்டாம். ஆழ்ந்த தூக்கமும் இதனால் வராது. தசைத்தளர்த்தி மருந்து ஓடுகிறவருக்கு இதை மட்டும் நம்பினால் விழித்தபடியே கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும்.

கெட்டமின்

நம் ஊர்களுக்கு ஏற்ற மருந்து. அழுத்தத்தைத் தாங்கும், வலியையும் அடக்கும், பம்ப் இல்லாவிட்டாலும் சிறு சிறு அளவாகக் கொடுத்து ஓட்டிவிடலாம். இதற்காக நான் வாதாடுவது அழுத்தத்தையும் ஆம்புலன்ஸையும் முன்வைத்துத்தான். தந்துகிகளை முன்வைத்து அல்ல. இரண்டு நாள் ஷாக்கில் தேய்ந்து, உடம்பின் சொந்த அட்ரினலின் தீர்ந்தவரிடம் இதே மருந்து இதயத்தை நேரடியாகத் தளர்த்திவிடும். எச்சில் பெருகும், உறிஞ்சுக் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஃபென்டனில், இவை எல்லாவற்றுக்கும் முன்னால்

குழாய் தொண்டையில் இருப்பவரின் தவிப்பில் பாதி வலி. முதலில் ஃபென்டனில் என்ற வலிமருந்தால் அதை அடக்கினால் மேலே சொன்ன எந்த மருந்தும் குறைவாகவே தேவைப்படும். இன்னொரு வலிமருந்தான மார்ஃபின் ஹிஸ்டமினைக் கிளப்பிக் குழாய்களை விரிப்பதாலும், அதன் துணைப்பொருளும் பழுதான சிறுநீரகத்தில் தேங்குவதாலும், ஷாக்கில் நான் அதை ஒதுக்கிவிடுவேன்.

குப்பிக் கணக்கு

60 கிலோ நோயாளி, ஒரு முழு நாள், நடுத்தர வேகம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. உங்கள் மருந்தகத்து விலையோடு பெருக்கிப் பாருங்கள்.

| மருந்து | ஒரு மணிக்கு, ஒரு கிலோவுக்கு | ஒரு நாள் தேவை | குப்பிகள் |
|---|---|---|---|
| புரோபோஃபால் 1% | 2 மி.கி. | 288 மி.லி. | 50 மி.லி. குப்பி 6 |
| மிடாசோலம் | 0.05 மி.கி. | 72 மி.கி. | 10 மி.கி. குப்பி 8 |
| டெக்ஸ்மெடிடோமிடின் | 0.5 மைக்ரோகிராம் | 720 மைக்ரோகிராம் | 200 மைக்ரோகிராம் குப்பி 4 |
| கெட்டமின் | 0.2 மி.கி. | 288 மி.கி. | 500 மி.கி. குப்பி 1 |

யாருக்கு எது

நார்அட்ரினலின் மணிக்கு மணி ஏறிக்கொண்டிருக்கும் முதல் இரவில் ஃபென்டனிலோடு கெட்டமினை மெல்ல ஓட்டுவேன், அல்லது தேவைப்படும்போது மட்டும் 1 மில்லிகிராம் மிடாசோலம். தொடர் ஓட்டமாக அல்ல. சங்கரன்கோவிலிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் குலுங்கி வர வேண்டியவருக்கும் இதுவே. வழியில் பம்ப் மின்கலம் தீர்ந்தால் புரோபோஃபாலில் இருப்பவர் சில நிமிடங்களில் எழுந்து குழாயைப் பிடுங்குவார்.

அழுத்தம் நின்று, நார்அட்ரினலின் இறங்கத் தொடங்கிய பிறகு புரோபோஃபாலுக்கு மாறலாம், கூப்பிட்டால் கண் திறக்கும் அளவுக்கு மட்டும். சிறுநீரகம் போனவருக்கும், மூளைக்காய்ச்சலோ என்ற சந்தேகத்தில் அடிக்கடி எழுப்பிப் பார்க்க வேண்டியவருக்கும் இதுதான் பொருந்தும். மிடாசோலம் அங்கே கூடவே கூடாது. துடிப்பு வேகமாக, இதயம் எக்கோவில் நன்றாக, நார்அட்ரினலின் மட்டும் பிடிவாதமாக உயரத்தில் நிற்கிறவர், அதுவும் வயதானவர் என்றால் டெக்ஸ்மெடிடோமிடினை முயன்று பார்ப்பேன். புரோபோஃபால் வாங்க முடியாத, சிறுநீரகம் நன்றாக இருக்கும் குடும்பத்துக்கு மிடாசோலம் தவறே இல்லை. தினமும் காலையில் நிறுத்தி எழுப்பிப் பாருங்கள், அவ்வளவுதான்.

நாக்கடிக் கேமரா இல்லாத ஊரில்

நான் பணிசெய்த எந்த மருத்துவமனையிலும் அந்தக் கேமரா இருந்ததில்லை. விரல் நுனி இருக்கிறது. நோயாளியின் விரல் நுனிச் சதையை ஒரு கண்ணாடிச் சில்லால் வெளிறும்வரை அழுத்தி 10 நொடி பிடித்து விடுங்கள். நிறம் திரும்ப 3 நொடிக்கு மேல் ஆனால் கடைமடை காய்கிறது என்று பொருள். 2019இல் ஐந்து நாடுகளில் 424 பேரிடம் நடந்த ஆய்வில், லாக்டேட்டுக்குப் பதிலாக இதை வைத்து ஷாக்கைக் கையாண்டவர்களிடம் இறப்பு 34.9 சதவீதம், லாக்டேட் வழியில் 43.4. புள்ளியியலின் எல்லைக்கோட்டை மயிரிழையில் தவறவிட்ட வித்தியாசம். செலவு ஒரு கண்ணாடிச் சில்லு.

மயக்க மருந்தைத் தொடங்குமுன் ஒருமுறை, தொடங்கி அரை மணியில் ஒருமுறை, வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தம் 68 என்று நிற்க, விரல் 3 நொடியிலிருந்து 5க்குப் போனால் முதலில் மருந்தின் வேகத்தைப் பாதியாக்குங்கள். மருந்தை மாற்றும் யோசனை அதற்குப் பிறகு. முழங்காலைச் சுற்றித் தோலில் தெரியும் வலைப்பின்னல் திட்டுகளுக்கு மதிப்பெண் போடும் முறை 2011இல் பாரிஸிலிருந்து வந்தது. நம் கரிசல் நிறத்தோலில் அந்தத் திட்டுகள் சட்டென்று கண்ணுக்குப் படாது. முழங்காலைப் புறங்கையால் தொட்டுக் குளிர்ச்சியைப் பார்ப்பதே நான் செய்வது.

ஒன்று மட்டும். ஏசியை 18இல் வைத்த அறையில் நல்லவரின் விரலும் சிவக்க நேரமாகும். முதலில் கையைப் போர்வைக்குள் விட்டு மூடுங்கள், பத்து நிமிடம் கழித்து அழுத்துங்கள், பிறகு என்னைக் கூப்பிடுங்கள்.